வயதான பெட்டைகளும் கறிக்கோழியும் ஒரே கூண்டில்: யாருக்கு என்ன தீனி, என்ன வைத்தியம்?

ஜனவரி 28 (கேள்வி)

வீட்டில் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள் சில இருக்கின்றன, மூன்று நான்கு வயசு. முட்டை குறைந்துவிட்டது. மார்கழி தொடக்கத்தில் பிள்ளைகள் கலர் குஞ்சு வாங்கி வந்தார்கள். பிழைத்த இரண்டும் இப்போது பெட்டைகளைவிடப் பெரிதாகிவிட்டன, பத்தடி நடந்தால் உட்கார்ந்துகொள்கின்றன. எல்லாவற்றுக்கும் லேயர் தீவனமும் (முட்டைக்கோழித் தீவனம்) கம்பும்தான் போடுகிறேன். இதுகளுக்கு நோய் வந்து பெட்டைகளுக்கும் ஒட்டிவிட்டதா? மருந்துக்கடையில் தண்ணீரில் கலக்க ஒரு பவுடர் கொடுத்தார்கள். கொடுக்கலாமா அண்ணா?

ஜனவரி 28, இரவு

பவுடரைக் கலக்காதீர்கள் தங்கச்சி. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், என்ரோஃப்ளாக்சசின் அல்லது டாக்சிசைக்ளின் என்று இருக்கும். இரண்டும் பாக்டீரியாவுக்கான மருந்து. நீங்கள் சொன்னதில் சளி இல்லை, கழிச்சல் இல்லை, தீனி குறையவில்லை.

பெட்டைகளுக்கு வந்திருப்பது வயசு. அந்தக் கலர் குஞ்சு இரண்டும் கறிக்கோழி இனம், அதுகளுக்கு வந்திருப்பது எடை. ஒன்று மற்றதற்கு ஒட்டவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தீனித் தட்டு மட்டும்தான், முதலில் அதைச் சரிசெய்வோம். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 29

லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும். தினம் ஒரு முட்டை இடும் கோழிக்கு அது வேண்டும், ஒரு முட்டை ஓட்டுக்கே இரண்டு கிராம் கால்சியம் போய்விடும். வளரும் கோழிக்கும், சேவலுக்கும், முட்டையை நிறுத்திய கிழட்டுப் பெட்டைக்கும் ஒரு சதவீதம் தாராளம். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் கோழி என்றால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடும். அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் காலையில் செத்துக் கிடக்கும்.

அதனால் கலப்புக் கூட்டத்துக்கு நான் சொல்வது குரோயர் தீவனம், அதாவது வளரும் கோழிக்கான தீவனம். கிளிஞ்சலை உடைத்து ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வையுங்கள். முட்டை இடுகிற பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கும், மற்றவை கொத்திப் பார்த்துவிட்டுப் போகும். சாயங்காலம் கிளிஞ்சல் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில்தான்.

கம்பு போடலாம், ஆனால் கை நிறையப் போட்டால் பெட்டை தீவனத்தைத் தொடாது.

பிப்ரவரி 2

"கோழிக்கு என்ன என்று எப்படி அண்ணா கண்டுபிடிப்பது, எல்லாம் ஒரே மாதிரி நிற்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். இதுதான் சரியான கேள்வி. கோழி தன் நோவை மறைக்கும். தளர்ந்தது தெரிந்தால் கூட்டமே கொத்தும், பருந்தும் கீரியும் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சோர்ந்து நிற்கிறது என்றால் நோய் வந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். அதனால் கையால் பார்க்க வேண்டும்.

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். அடைந்த பிறகு, இருட்டில், டார்ச்சை ஓரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மடியில் எடுங்கள். முதலில் இரைப்பை, கழுத்துக்கடியில் தின்ற தீனி தங்கும் பை. ராத்திரி நிறைந்திருக்க வேண்டும், விடிகாலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுபோல இருந்தால் அடைப்பு. பலூன்போல இருந்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே புளித்துப்போயிருக்கிறது. ராத்திரியே காலியாக இருந்தால் அது அன்றைக்குச் சாப்பிடவில்லை, அல்லது மற்றவை சாப்பிட விடவில்லை.

அடுத்து நெஞ்செலும்பு. இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி முனைபோலக் கையில் பட்டால் கோழி உள்ளுக்குள் கரைகிறது. வயசான பெட்டைகளில் நான் முதலில் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

அப்புறம் வயிறு. எச்சத்துவாரத்துக்குக் கீழே இரண்டு மெல்லிய எலும்பு நுனிகள் இருக்கும். நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டை இடுகிற பெட்டை, ஒரு விரலுக்கு இடம் இல்லை என்றால் நிறுத்திவிட்டது. அடிவயிறு தண்ணீர்ப் பைபோல ஆடினாலோ, பிசைந்த மாவுபோலக் கனத்தாலோ குறித்து வையுங்கள், அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இறகுக்கடியில் துவாரத்தைச் சுற்றிப் பேன் பாருங்கள், இறகின் அடிக்கட்டையில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. கடைசியாகக் கால். செதில் தூக்கிக்கொண்டு, சாம்பல் பூத்ததுபோல இருந்தால் செதிலுக்கடியில் பூச்சி இருக்கிறது. வேப்பெண்ணெயைக் காலில் நன்றாக ஊறத் தடவுங்கள், சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும், பூச்சி மூச்சு முட்டிச் சாகும். செதிலைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். பாதத்தின் நடுவில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் சீழ். உயரமான கட்டையிலிருந்து குதிக்கும் கனத்த கோழிக்கு அது அதிகம் வரும். கட்டையைத் தாழ்த்துங்கள்.

பிப்ரவரி 3

மேலே உள்ளதோடு ஒன்று. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். சின்னத் தராசு இருந்தால் எடையை ஒரு நோட்டில் எழுதுங்கள். நெஞ்செலும்பு தேய்வதைக் கை உணர்வதற்கு முன்பே நோட்டு காட்டிக்கொடுக்கும்.

பிப்ரவரி 9

இந்த மாதம் விட்டால் வெயில் வந்துவிடும், அதனால் தடுப்பூசிக்கு இப்போதே சொல்கிறேன். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை கோழிக் கழிச்சல் (வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்பதும் இதுதான்) தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம், கால்நடை மருந்தகத்தில் தேதியைக் கேளுங்கள். பெரிய கோழிக்கு ஆர்2பி ஊசி, எட்டு வாரம் தாண்டியதற்குத்தான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவார்கள், அப்புறம் நாலாவது வாரம் போல லசோட்டா என்ற தடுப்பு மருந்து. ஊசி போட்டபின் பெட்டை சில நாள் முட்டையைக் குறைக்கும், பயப்பட வேண்டாம். நோயில் கிடக்கும் கோழிக்குப் போடக்கூடாது.

மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த மருந்தைப் போடுவதும் வெறும் தண்ணீரைப் போடுவதும் ஒன்று. பிடிக்க முடியாமல் மரத்தில் அடையும் கோழிகள் இருந்தால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியாகக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது, அதையும் விசாரித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 10

"நாட்டுக்கோழிக்கு எதற்கு ஊசி, அதுக்கே எதிர்ப்பு இருக்கு" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அய்யா, சில நோய்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். வெள்ளைக் கழிச்சலுக்குப் பொருந்தாது. ராணிக்கெட் என்பது இமயமலைப் பக்கத்து ஊர்ப் பெயர், 1927-இல் அங்கே கண்டதால் இந்தியாவில் அந்தப் பெயர். இன்றைக்கு இருக்கிற மாதிரி பண்ணைக் கோழி அன்றைக்கு இங்கே இல்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து திருகல், மூச்சு இழுப்பு, பிறகு தெருவே காலி. கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இதை விவரிக்கத் தேவையில்லை.

சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நாங்களும் கொடுப்போம். தீனி எடுக்க வைக்கும், வயிற்றுக்கு நல்லது. வைரசைத் தடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

அப்பத்தா அடை வைக்கும்போது கூடையில் மணலுக்குள் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் வைப்பார், இடிக்கு முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்க. கூடவே நொச்சித் தழையும் போடுவார், பேனுக்கு. இரும்பை இன்றைக்கு நான் வைப்பதில்லை. நொச்சியை விட்டதில்லை. அடையில் இருக்கும் பெட்டை எழுந்து மண் குளிக்காது, அப்போதுதான் பேன் ஏறும்.

பிப்ரவரி 24

கறிக்கோழிக்கு வருவோம். "ஊசி போட்டு வளர்த்ததால்தான் கால் போச்சு" என்று இழையில் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஊசியும் இல்லை, ஹார்மோனும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம், அவ்வளவுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்துக் கறிக்கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டு, ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், கோழிதான் மாறியிருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊசிதான் காரணம் என்று நினைத்தால், "நம் வீட்டில் ஊசி இல்லை, அதனால் இது நன்றாக இருக்கும்" என்று நம்பி, ஆசையாக அள்ளி அள்ளிப் போடுவோம். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். கறி ஐந்தாறு வாரத்தில் ஏறிவிடுகிறது, காலெலும்பும் இதயமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு வரவில்லை. இதயம் தள்ளாடும்போது வயிற்றில் நீர் கோக்கும், கொண்டை நீலம் பாரிக்கும். சிலது நின்ற நிலையில் சிறகடித்து மல்லாந்து விழுந்து செத்துவிடும். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அண்டை வீட்டோடு சண்டை வருவது இதனால்தான்.

மார்ச் 3

வளர்க்கவே வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பதாகச் சொன்னீர்கள். சரி, அப்படியென்றால் இப்படி.

தீனியை நாள் முழுக்கத் தட்டில் விடாதீர்கள். காலையும் மாலையும் அளந்து போடுங்கள், பசி கொஞ்சம் இருக்கட்டும். கறிக்கோழியின் தாய்க்கோழிகளைப் பண்ணைகளிலேயே அளந்துதான் வளர்க்கிறார்கள், இல்லையென்றால் அவை கொழுத்து, முட்டை குறைந்து, சாவும் கூடும். தீனி ஒரு மூலையில், தண்ணீர் எதிர் மூலையில் வையுங்கள், நடக்கட்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிடுங்கள். கட்டையில் ஏற்றாதீர்கள், தரையில் உமியோ தேங்காய் நார்க்கழிவோ தடிமனாகப் போட்டுப் படுக்க விடுங்கள். ஈரமான உமியை அன்றன்றே அள்ளுங்கள். இதுகள் பாதி நாள் நெஞ்சில்தான் படுத்திருக்கும், ஈரம் பட்டால் நெஞ்சிலும் பாதத்திலும் புண். கூண்டுக்குள் குனிந்தால் உங்கள் கண் எரிகிறதா? ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் நெடி அது, கோழிக்கு அந்த உயரத்தில்தான் மூக்கு இருக்கிறது.

பெட்டைகளோடு சேர்த்து விடுவதையும் நிறுத்துங்கள். வயசான பெட்டை பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே சளி நோய்க் கிருமியும் குடல் புழுவும் ரத்தக் கழிச்சல் கிருமியும் கொஞ்சம் கொஞ்சம் சுமந்துகொண்டிருக்கும். அதற்குப் பழகிவிட்டது, இளசுக்குப் பழகவில்லை. காலையில் முதலில் இளசுகளுக்குத் தீனி வைத்துவிட்டு, பிறகு பெரியவற்றிடம் போங்கள்.

இத்தனையும் செய்தாலும் கால் தாங்காத நாள் வரலாம். எழுந்து தண்ணீருக்குப் போக முடியாத கோழியை மடியில் வைத்து ஊட்டி வளர்ப்பதைப் பாசம் என்று என்னால் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், இந்த இனத்தை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கறிக்கு எடுத்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் நல்லது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லியே விடுங்கள். அவர்கள் தாங்குவார்கள்.

மார்ச் 4

மருந்து கொடுத்திருந்தால் கறிக்கு எடுக்காதீர்கள், முட்டையையும் சாப்பிடாதீர்கள். எத்தனை நாள் விட வேண்டும் என்பது பாக்கெட்டில் இருக்கும், இல்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற பாக்டீரியா மருந்தைக் கோழிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம், கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று 2019-இல்தான் நம் அரசு அதைக் கால்நடைக்குத் தடை செய்தது. என்ரோஃப்ளாக்சசினை அமெரிக்கா 2005-லேயே கோழிக்கு நிறுத்திவிட்டது. இங்கே அது மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கிறது.

மார்ச் 5

கிழட்டுப் பெட்டையை எப்படிச் சமைப்பது என்று பேச்சு திரும்பிவிட்டது, சந்தோஷம். அடித்தவுடன் அடுப்பில் ஏற்றாதீர்கள், சில மணி நேரம் கறி விறைப்பு விட வேண்டும். பச்சைப் பப்பாளிக்காய் ஒரு துண்டு, சிறு தீ, நிறைய நேரம். கறி மென்மைக்கு இளசை எடுங்கள், சாறுக்குக் கிழடுதான். மிளகு தட்டிப் போட்ட கோழி ரசத்துக்கு மூன்று வயசுப் பெட்டை கொடுக்கும் சாறை எந்த பிராய்லரும் கொடுக்காது.

ஏப்ரல் 19

வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை விடும். அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல், கொட்டகையும் அந்தப் பக்கம் போனால் சூட்டை விட இடமில்லை. மிச்சம் இருக்கும் கறிக்கோழி முதலில் போகும், கொழுத்த பெட்டை அடுத்தது. தீனியை விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் வையுங்கள், செரிக்கும் வேலையே உடம்பில் சூடு. மண்பானைத் தண்ணீர், நிழலில், இரண்டு மூன்று இடத்தில். தட்டியில் ஈரச் சாக்கு தொங்கட்டும், ஆனால் காற்றை மறைக்காமல்.

"கிளிஞ்சல் வைத்தும் தோல் முட்டை வருகிறதே" என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். மூச்சிரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். ஓடு கால்சியம் கார்பனேட், கால்சியம் மட்டும் இருந்து என்ன செய்ய? சூட்டைக் குறைக்காமல் கிளிஞ்சலை மட்டும் கூட்டிப் பயனில்லை.

மே 6

தங்கச்சி எழுதியிருக்கிறார்: பெரிய பெட்டை காலையிலிருந்து வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்குகிறது, முட்டை வரவில்லை.

முட்டை அடைத்திருக்கலாம். இப்போது செய்ய வேண்டியது: கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அடிப்பாதி நனைய இருபது நிமிஷம் போல உட்கார வையுங்கள். துடைத்து, துவாரத்தில் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி, இருட்டான அமைதியான இடத்தில் பஞ்சாரம் போட்டு மூடுங்கள், காற்று போகட்டும். தண்ணீர் உள்ளே வையுங்கள். முட்டையை அமுக்கித் தள்ளாதீர்கள், உள்ளே உடைந்தால் முட்டைப் பாதை கிழியும். சாயங்காலம் வரை வரவில்லை என்றால் மருத்துவரிடம் கால்சியம் ஊசிக்குக் கொண்டுபோங்கள்.

மே 8

முட்டை வரவில்லை, மருத்துவர் தொட்டுப் பார்த்து "உள்ளே முட்டை இல்லை, வயிறுதான் கனத்திருக்கிறது" என்றாராம். பிப்ரவரியில் பிசைந்த மாவு என்று எழுதினேனே, அதுதான். மஞ்சள் கரு பாதைக்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து, அங்கே கிருமி சேர்ந்து சீழாகிறது. இதே வரிசையில் இன்னொன்று, முட்டைப் பாதையே வீங்கி, சீழ் அடுக்கடுக்காக ரப்பர் உருண்டைபோல வெளியே வரும். முட்டை போலத் தெரியும், வெட்டினால் வெங்காயம்போல மடிப்பு இருக்கும். கட்டியும் வரும். கோழிக்குச் சினைப்பைக் கட்டி தானாகவே அவ்வளவு வருவதால், பெண்களின் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் வயசான பெட்டைகளை வைத்தும் ஆராய்கிறார்கள்.

வருடக்கணக்காக முட்டை இட்ட உறுப்பு தேய்கிறது. நல்ல வளர்ப்பிலும் வரும். தொடக்கத்தில் மருத்துவர் மருந்து கொடுத்துச் சில காலம் ஓட்டலாம். நெஞ்செலும்பு கத்தியாகி, தீனி விட்டு, மூச்சுக்குத் தவிக்கிறது என்றால் அன்றைக்கே முடித்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

ஜூலை 13

இறகு உதிர்ந்து முட்டையும் நின்றால் கிழடு என்று முடிவு கட்டாதீர்கள். தழும்பில்லாமல் கழுத்திலிருந்து ஆரம்பித்து உதிர்ந்து, குச்சிபோலப் புது இறகு முளைத்தால் அது ஓய்வு. இறகு முழுக்கப் புரதம், அதனால் அப்போது முட்டைக்கு மிச்சம் இருக்காது. கொஞ்சம் கருவாட்டுத் தூளோ கரையானோ கொடுத்தால் சீக்கிரம் தேறும். குளிர்நாடுகளில் பகல் குறைந்தால் உதிர்க்கும் என்று படித்துவிட்டு, இங்கே ராத்திரி பல்பு போடுகிறார்கள் சிலர். நம் பக்கம் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. வெளிச்சத்தைவிடத் தீனியும் வெயிலும் அடையும்தான் நம் கோழியின் நாட்காட்டி. யோசித்துப் பார்த்தால், வயசான பெட்டைக்கு விளக்குப் போட்டு முட்டை வாங்குவதில் எனக்கு விருப்பமும் இல்லை. மே மாதம் எழுதியதைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

அக்டோபர் 20

மழை ஆரம்பித்துவிட்டது. கடலைப்புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் முகர்ந்து பார்த்துப் போடுங்கள், பூசணம் பிடித்தது கல்லீரலைக் கெடுக்கும், காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. புழு மருந்துக்கும் இதுதான் காலம். கொசு பெருகும்போது கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் வரும்.

கடைசியாக ஒருவர் கேட்டது: நாமக்கல் பண்ணையிலிருந்து கழிக்கும் முட்டைக்கோழி மலிவாகக் கிடைக்கிறது, வீட்டில் வளர்க்க வாங்கலாமா?

வாங்கலாம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால். எழுபது எண்பது வாரம் தாண்டிய கோழி, வருஷத்துக்கு முந்நூறு முட்டை இட்டது. தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓடு போட்டிருக்கும், அதனால் காலையோ இறக்கையையோ பிடித்துத் தூக்கினால் எலும்பு முறியும். இரண்டு கையாலும் உடம்போடு சேர்த்துத் தூக்குங்கள். அலகு வெட்டியிருப்பதால் தரையில் சிந்திய தானியம் பொறுக்க வராது, ஆழமான தட்டு வேண்டும். கம்பிக் கூண்டில் இருந்தது, கட்டை ஏறத் தெரியாது. முட்டை இன்னும் இடுவதால் இதற்கு மட்டும் லேயர் தீவனம். மூன்று வாரம் உங்கள் பெட்டைகளிடமிருந்து தள்ளி வையுங்கள், ஒன்றுக்கு மேல் திடீரென்று செத்தால் யாருக்கும் விற்காமல், தூக்கியும் எறியாமல், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.